கடன் வாங்க முன் ஒரு கொப்பி

மீளக்குடியமர்ந்த கிராமம் ஒன்றில் தாய்மாரோடு கூடியிருந்தபோது நாம் ஒரு சிறிய கேள்வியைக் கேட்டோம். "நீங்கள் எடுத்த கடனுக்கு என்ன வட்டி?" கிழமைக்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எல்லோரும் சதம் பிசகாமல் சொன்னார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, யார் வீட்டு முற்றத்தில் கட்ட வேண்டும் என்பதையும் சொன்னார்கள். வட்டி எத்தனை வீதம் என்பதை மாத்திரம் ஒருவராலும் சொல்ல முடியவில்லை. கடைசியில் ஒரு தாய், "அதெல்லாம் அவையளுக்குத் தெரியும் தம்பி, எங்களுக்குக் கட்டுகாசுதான் தெரியும்" என்றார். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் அல்லர். இரண்டு பரப்புத் தோட்டத்துக்கு எவ்வளவு விதை வெங்காயம் வேண்டும், எத்தனை நாளைக்கு ஒருமுறை இறைக்க வேண்டும், எந்தக் கிழமை கிண்டினால் சந்தையில் விலை நிற்கும் என்றெல்லாம் மனத்தாலேயே கணக்குப் பார்க்கும் பரம்பரையில் வந்தவர்கள். சொந்த ஊரில் இருந்த காலத்தில் அந்தக் கணக்குப் போதுமானதாகவும் இருந்தது. போகத்துக்கு முன் நகையை அடகு வைப்பது, விளைச்சலை விற்று மீட்பது, தவறினால் அடுத்த போகம் வரை பொறுக்கும்படி ஊர்க் கடைக்காரரிடம் சொல்வது. மூன்று தலைமுறையாக முகம் தெரிந்தவர்களுக்கிடையில் நடந்த கொடுக்கல் வாங்கல் அது. இடப்பெயர்வு காணியையும் வீட்டையும் மாத்திரம் பறிக்கவில்லை, இந்தக் கணக்கு நடந்த களத்தையும் பறித்துவிட்டது. 1990இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பிய குடும்பங்கள் கால் நூற்றாண்டுக்குப் பின்னர் சிறிது சிறிதாகத் தம் காணிகளைக் காணத் தொடங்கியபோது, அங்கே பழைய கடைக்காரரும் இல்லை, பழைய சந்தை ஒழுங்கும் இல்லை. பதிலுக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு பிள்ளை வந்து நின்றது. "அக்கா, அடகு வேண்டாம், பிணையாள் வேண்டாம், நாலு பேராய்ச் சேர்ந்து ஒரு கையெழுத்து வையுங்கோ, நாளைக்கே காசு" என்றது.

அந்தப் பிள்ளையை நாம் குறை சொல்ல மாட்டோம். அதுவும் எங்கள் பிள்ளைதான். மாதத்துக்கு இத்தனை பேரைச் சேர்க்க வேண்டும் என்ற நெருக்குதலோடு வெயிலில் அலைகிற பிள்ளை. நாம் பேச வேண்டியது அது நீட்டிய கடதாசியில் என்ன எழுதியிருந்தது என்பதைப் பற்றி.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். வாசிக்கிறவர்கள் பேனையும் கடதாசியும் எடுத்துக்கொண்டால் நல்லது. கடன் 50,000 ரூபா. வட்டி "வருடத்துக்கு 24 வீதம்". திருப்பிச் செலுத்தும் காலம் 52 கிழமை. வட்டி 12,000 ரூபா, மொத்தம் 62,000 ரூபா, கிழமைக்கு ஏறக்குறைய 1,192 ரூபா. கேட்டவுடன் நியாயம் போலத்தான் தோன்றும். ஆனால் அந்த 50,000 ரூபா வருடம் முழுவதும் எம் கையில் இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். முதலாம் கிழமையிலிருந்தே திருப்பிக் கொடுக்கத் தொடங்கிவிட்டோம். ஆறு மாதம் முடியும்போது அரைவாசிக்குக் கிட்டத் திரும்பிப் போய்விட்டது. கடைசி மாதத்தில் எம்மிடம் இருப்பது நாலாயிரத்துச் சொச்சந்தான். ஆனாலும் அந்தக் கடைசிக் கிழமையிலும் முழு 50,000 ரூபாவுக்கு உரிய வட்டியையே நாம் கட்டுகிறோம். சராசரியாகப் பார்த்தால் வருடம் முழுவதும் எம் கையில் நின்றது 25,000 ரூபாவை அண்டிய தொகை. அதற்குத்தான் 12,000 ரூபா வட்டி. நுணுக்கமாகக் கணக்கிட்டால் 24 வீதம் என்று சொன்னது உண்மையில் 44 வீதத்துக்கு வந்து நிற்கும். பத்திரச் செலவு, காப்புறுதி என்று முன்கூட்டியே இரண்டாயிரத்தைக் கழித்துக்கொண்டு 48,000 ரூபாவைக் கையில் தந்திருந்தால் இன்னும் கூடும்.

இப்போது அதே 24 வீதத்தை, மிஞ்சியிருக்கும் முதலுக்கு மாத்திரம் வட்டி என்ற முறையில் பார்ப்போம். மாதத்துக்கு 2 வீதம். முதலைப் பன்னிரண்டு சம பங்காகக் கட்டுகிறோம். முதல் மாத வட்டி 1,000 ரூபா. அடுத்த மாதம் அதைவிடக் குறைவு. இப்படியே குறைந்து குறைந்து வருடம் முடியும்போது கட்டிய வட்டி மொத்தம் 6,500 ரூபா. ஒரே கடன், ஒரே காலம், வாயால் சொல்லும் வீதமும் ஒன்றே. வித்தியாசம் 5,500 ரூபா. கூலிக்குப் போகும் ஒரு தாய் அந்தப் பணத்துக்கு எத்தனை நாள் குனிந்து களை பிடுங்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள்.

"வட்டி முழு முதலுக்கா, மிஞ்சிய முதலுக்கா?" கடன் கொடுக்க வருகிறவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இதுதான். இதைக் கேட்பதற்குப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. இப்படி ஒரு கேள்வி உண்டு என்று தெரிந்திருந்தால் போதும்.

இரண்டாவது கேள்வி, கடன் கட்டும் காலமும் எமக்குக் காசு வரும் காலமும் பொருந்துகின்றனவா என்பது. வெங்காயம் கிழமைக்குக் கிழமை காய்ப்பதில்லை. நட்டுக் கிண்டும் வரை இரண்டு மூன்று மாதம் செலவு மாத்திரமே. நெல்லென்றால் அதைவிடக் கூட. அப்படியிருக்கத் தோட்டத்துக்கென்று எடுத்த கடனின் முதற் தவணை அடுத்த செவ்வாய்க்கிழமையே வந்துவிடுகிறது. அதை எதிலிருந்து கட்டுவது? எடுத்த கடனிலிருந்தே கட்டுகிறார்கள். பசளைக்கு வைத்த காசு தவணைக்குப் போகிறது, பசளைக்காக இரண்டாவது கம்பனியிடம் போகிறார்கள். நாம் பார்த்த பெரும்பாலான வீடுகளில் கடன் மேற் கடன் ஏறிய வழி இதுதான். குடியோ ஆடம்பரமோ அல்ல. (குடியும் சில வீடுகளில் உண்டு, அதை மறைக்கவில்லை.)

இந்த நிலைமை எவ்வளவு தூரம் முற்றியது என்பதை அரசே ஒப்புக்கொள்ள நேர்ந்தது. 2018இல், வறட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன் எடுத்து மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாது போன பெண்களுக்குக் கடன் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. நுண்கடனுக்கு ஆண்டுக்கு 35 வீதம் என்ற உச்ச எல்லையும் கொண்டுவரப்பட்டது. மேலே நாம் போட்ட கணக்கை இதனோடு சேர்த்துப் பாருங்கள். 24 வீதம் என்று வாயால் சொல்லப்படும் கடன் அந்த 35ஐயும் தாண்டி நிற்கிறது. கணக்குத் தெரிந்தவரே இதைக் காண்பார். தெரியாதவருக்கு அந்த எல்லை இருந்தும் பயனில்லை. துன்பம் எம் பகுதிகளோடு நின்றதும் அல்ல. 2021இல் பொலன்னறுவை மாவட்டத்து ஹிங்குராக்கொடையில் சிங்களக் கிராமத்துப் பெண்கள் நுண்கடனுக்கு எதிராக வாரக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். அவர்கள் சொன்ன கதைகளை மொழி மாற்றி எழுதினால் முல்லைத்தீவுக் கதை என்றே எவரும் எண்ணுவர்.

இவ்விடத்தில் ஒரு சகோதரியின் கணக்கைச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். கணவன் இல்லை, இரண்டு பிள்ளைகள். இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுக்கிறார். நாளுக்கு 300 இடியப்பம், ஒன்று 10 ரூபாவாக 3,000 ரூபா. "லாபம் எவ்வளவு?" என்று கேட்டோம். "மாவுக்கு ஆயிரத்தைந்நூறு போகும் அண்ணா, மிச்சம் ஆயிரத்தைந்நூறு லாபம்" என்றார். அந்த எண்ணத்தில்தான் அவர் மூன்று இடங்களில் கடன் எடுத்திருந்தார். நாளுக்கு ஆயிரத்தைந்நூறு என்றால் கிழமைக்கு ஆறு நாளில் 9,000 ரூபா. அதில் மூன்று தவணையும் கட்டிக்கொண்டு தாராளமாகச் சீவிக்கலாமே! ஆனால் சீவிக்க முடியவில்லை. காசு எங்கே போகிறது என்று அவருக்கே விளங்கவில்லை. யாரோ செய்வினை செய்துவிட்டார்கள் என்று ஒரு கட்டத்தில் நினைத்தாராம்.

அவரோடு இருந்து எழுதிப் பார்த்தோம். மா 1,500 ரூபா. சம்பலுக்குத் தேங்காய், மிளகாய், உப்பு 500 ரூபா. "தேங்காய் எங்கட வளவுத் தேங்காய் அண்ணா" என்றார். வளவுத் தேங்காயைச் சந்தைக்குக் கொண்டுபோனால் காசு கிடைக்காதா? கிடைக்கும். அப்படியானால் அது செலவுதான். விறகு 300 ரூபா. "அது மகன் பொறுக்கி வாறது." மகன் விறகு பொறுக்கப் போகும் நேரத்தில் பள்ளிக்கூடம் போகவில்லை என்பதைப் பிறகு அறிந்தோம். ஆக நாளுக்குச் செலவு 2,300 ரூபா, மிச்சம் 700 ரூபா. கிழமைக்கு 4,200 ரூபா. மூன்று கடனுக்கும் தவணை, ஒவ்வொன்றும் 1,192 ரூபாவாக, 3,576 ரூபா. மிஞ்சுவது 624 ரூபா. மூன்று சீவன்கள் ஒரு கிழமை உண்ண, உடுக்க, மருந்து வாங்க 624 ரூபா. இடியப்ப உரல் தேய்வதும் சைக்கிள் ரயர் தேய்வதும் இன்னும் கணக்கில் வரவில்லை. விடிய இரண்டு மணிக்கு எழும்பும் அவருடைய உடம்பு தேய்வதும் வரவில்லை.

எழுதி முடித்ததும் அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்ப நான் இவ்வளவு நாளும் கம்பனிக்குத்தான் இடியப்பம் அவிச்சிருக்கிறன்" என்றார்.

எந்தப் பயிற்சிப் பட்டறையிலும் இப்படியொரு வசனத்தை நாம் கேட்டதில்லை. பயிற்சிப் பட்டறைகளைப் பற்றி எமக்குச் சொல்வதற்குக் கொஞ்சம் உண்டு, ஏனெனில் அவற்றில் பலவற்றை நடத்திய குற்றம் எமக்கும் உரியது. "சுயதொழில் முயற்சியாளர் பயிற்சி" என்று ஒரு பதாகை. காலையில் விருந்தினர் உரை, மத்தியானம் சோற்றுப் பொதி, பின்னேரம் சான்றிதழ். நடுவில் வெளியூரிலிருந்து வந்த ஒருவர் சந்தைப்படுத்தல், முகாமைத்துவம் என்று வெண்பலகையில் அம்புக்குறிகள் போடுவார். சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற வீடுகளை நாம் கண்டிருக்கிறோம். அந்தச் சட்டத்துக்குக் கீழேயே அடகுத் துண்டுகள் செருகியிருக்கும். கோழி கொடுத்தோம், ஆடு கொடுத்தோம், தையல் இயந்திரம் கொடுத்தோம். கோழி ஒரு முட்டை இடுவதற்கு எவ்வளவு தீன் தின்கிறது என்று எழுதிப் பார்க்க ஒரு கொப்பியை யாரும் கொடுக்கவில்லை. கோழியைக் கொடுத்தால் படம் எடுக்கலாம். கொப்பியைக் கொடுத்தால் என்ன படம் எடுப்பது?

ஒரு நாட் பயிற்சியில் நீந்தப் பழக முடியாது. கணக்கும் அப்படியே. தன்னுடைய சொந்த வரவு செலவில், கிழமைக்குக் கிழமை, தெரிந்த நாலு பேரோடு கூடியிருந்து பழகினால்தான் அது கையில் ஒட்டும்.

இது எமது கண்டுபிடிப்பு அல்ல. கனடாவின் கிழக்குக் கரையிலே நோவாஸ்கோஷியா என்ற மாகாணம் உண்டு. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் அங்குள்ள மீனவரும் சிறு விவசாயிகளும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரும் வியாபாரிகளின் கடனில் அமிழ்ந்து கிடந்தனர். ஜிம்மி தொம்ப்கின்ஸ், மோசஸ் கோடி என்ற இரண்டு குருமார் அவர்களிடையே வேலை செய்தார்கள். தொம்ப்கின்ஸ் அடிகளார் 1921இலேயே, கல்வி பல்கலைக்கழக மதிலைத் தாண்டிச் சனங்களிடம் போக வேண்டும் என்று வாதாடி ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1928இல் அந்திகோனிஷ் என்ற ஊரிலுள்ள புனித பிரான்சிஸ் சவேரியார் பல்கலைக்கழகத்தில் வெளிக்களக் கல்விப் பகுதி ஒன்று அமைக்கப்பட்டு, கோடி அடிகளார் அதற்குப் பொறுப்பானார். அவர்கள் முதலில் கடன் கொடுக்கவில்லை. படிப்பு வட்டங்களைத் தொடங்கினார்கள். அயல் வீட்டார் ஒரு சிலர் இராவில் ஒருவர் வீட்டுக் குசினியில் கூடுவார்கள். எழுத்து வாசனை உள்ளவர் ஒரு துண்டுப்பிரசுரத்தை வாசிப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள். நாங்கள் பிடிக்கிற சிங்கி இறாலை என்ன விலைக்கு விற்கிறோம், அது நகரத்தில் என்ன விலைக்குப் போகிறது, நடுவிலுள்ள காசு யாருக்குப் போகிறது? இந்தக் கேள்விகளிலிருந்துதான் அவர்களுடைய கடனுதவிச் சங்கங்களும் கூட்டுறவுக் கடைகளும், சிங்கி இறால் தகரத்திலடைக்கும் தொழிலகங்களும் பிறந்தன. 1930களின் உலகப் பொருளாதார மந்தம் உச்சத்தில் இருந்த காலத்தில் நடந்த காரியம் இது. முதலில் படிப்பு, பின்னர் சேமிப்பு, அதன் பின்னரே கடன். எம்மிடம் வந்த கம்பனிகள் இந்த ஒழுங்கைத் தலைகீழாக்கின.

எம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் இலங்கையில் 1911இலேயே வந்துவிட்டது. சிக்கன கடனுதவிக் கூட்டுறவுச் சங்கங்கள் வடக்கிலும் கிழக்கிலும் ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இருந்தன. யுத்தத்துக்கு முந்திய தலைமுறையினர் அவற்றை "நாணயச் சங்கம்" என்று மதிப்போடு சொல்வார்கள். நாணயம் என்ற சொல்லுக்குக் காசு என்றும் நேர்மை என்றும் இரண்டு பொருள் இருப்பது தற்செயல் அல்ல என்றே நாம் நினைக்கிறோம். ஆனால் சங்கம் என்றதும் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ணவும் வேண்டாம். பொருளாளர் ஒருவருக்கு மாத்திரம் கணக்குத் தெரிந்த சங்கத்தில் அந்தப் பொருளாளரே முதலாளி. வருடாந்தப் பொதுக் கூட்டத்தில் ஐந்தொகை வாசிக்கப்படும்போது கைதட்டிவிட்டுத் தேநீர் குடிக்கும் அங்கத்தவர்களால் சங்கங்கள் விழுந்த கதைகள் எம்மிடையே உண்டு. வரவு எங்கே, நிலுவை எங்கே, கடன் எடுத்துக் கட்டாதவர் யார் என்று ஒரு தாய் எழுந்து கேட்கும் சங்கந்தான் நிலைக்கும்.

இனி, படிப்பு ஒருதரம் படித்து முடிந்துவிடுவதா என்ற கேள்வி. எம் விவசாயிகளின் வரலாறே இதற்கு மறுமொழி சொல்லும். 1970இலிருந்து 1977 வரை மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்தது. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் அந்தக் காலத்தில் கல்வீடு கட்டினார்கள், இறைப்பு இயந்திரமும் உழவு இயந்திரமும் வாங்கினார்கள். அவர்கள் படித்த கணக்கு அன்றைக்குச் சரியான கணக்கு. 1977இன் பின் கதவு திறக்கப்பட்டது. வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வந்து இறங்கின, விலை விழுந்தது. பழைய கணக்கை நம்பிக் கடன்பட்டு நட்டவர்கள் அடிபட்டார்கள். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடை செய்யப்பட்டது. சில மாதங்களில் தடை தளர்ந்தபோதும், பின்னர் பசளை விலை எந்த உயரத்தில் நின்றது என்பதை உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்ணின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது, உணவுப் பொருட்களில் 95 வீதத்தை அண்மித்தது. இதன் பொருள் என்ன? 2021 செப்டெம்பரில் ஒரு இலட்சம் ரூபாவை அரிசிப் பானைக்குள் ஒளித்து வைத்த தாய், ஒரு வருடம் கழித்து அதே சாமான்களை வாங்க ஒரு இலட்சத்து எழுபதினாயிரம் வேண்டும் என்று கண்டார். அவர் ஒரு சதமும் வீணாக்கவில்லை. கள்வனும் வரவில்லை. பானைக்குள் இருந்த காசு தானாகவே இளைத்துவிட்டது. அக்காலத்தில் தாலிக்கொடியை விற்காமல் வைத்திருந்தவர்களும், ஒரு பசு மாட்டை வாங்கிக் கட்டியவர்களும் ஓரளவு தப்பினார்கள். அவர்களை முன்பு கட்டுப்பெட்டிகள் என்று நாமே சொல்லியிருக்கிறோம்.

ஆகவே ஐம்பது வயதானவரும் திரும்பப் படிக்க வேண்டியிருக்கிறது. வெட்கப்பட ஒன்றுமில்லை. புது நெல்லினம் வந்தபோது கமநல சேவை நிலையத்துக்குப் போய்க் கேட்டவர்கள்தானே நாம். காசும் ஒரு பயிர்தான், அதற்கும் புதுப் புது நோய் வருகிறது. கைத்தொலைபேசியில் பொத்தானை அமத்தினால் ஐந்து நிமிடத்தில் கடன் என்கிறார்கள். ஆள் சேர்த்தால் மாதம் முடியக் காசு இரட்டிக்கும் என்று உறவினரே வந்து சொல்கிறார்கள். ஆள் சேர்த்துக் காசு பெருக்கும் பிரமிட் திட்டம் எங்கள் நாட்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. அதை நடத்துவது மாத்திரமல்ல, அதில் ஆள் சேர்ப்பதும் குற்றம் என்பதை மச்சான் வந்து கேட்கும்போது நினைவில் வைத்திருங்கள்.

சந்தைக் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். பத்துக் கிலோ கொண்டுபோனால் ஒரு கிலோவைக் "கழிவு" என்று கழித்துவிட்டு ஒன்பதுக்குக் காசு தரும் வழக்கம் பல சந்தைகளில் நெடுங்காலமாக இருந்து வந்திருக்கிறது. விவசாயிகள் இதைப் பலமுறை முறையிட்டும் இருக்கிறார்கள். இதைக் கொப்பியில் எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? ஒரு போகத்துக்கு 1,000 கிலோ வெங்காயம் விற்ற குடும்பம் 100 கிலோவைச் சும்மா கொடுத்திருக்கிறது. எழுதாதவருக்கு அது பழக்கம். எழுதினவருக்கு அது நட்டம். இருபது குடும்பங்கள் எழுதி வைத்திருந்து, இரண்டாயிரம் கிலோ என்று கூட்டிக்காட்டினால், பிரதேச சபையிலும் பிரதேச செயலகத்திலும் அந்தப் பேச்சுக்கு வேறு பாரம் இருக்கும்.

நாம் சொல்வதை ஒருவர் தவறாக எடுக்கவும் கூடும். "இந்தச் சனங்கள் கணக்குத் தெரியாதபடியால்தான் ஏழைகளாக இருக்கிறார்கள்" என்று சில அலுவலர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறோம். அப்படியல்ல. காணி கையில் இல்லாதவனுக்குக் கணக்கு மாத்திரம் சோறு போடாது. கிணறு மூடிக் கிடக்கிறது, குளக்கட்டு உடைந்து கிடக்கிறது, அறுவடை நேரத்தில் இறக்குமதி வந்து இறங்குகிறது. இவற்றை ஒரு தாய் கொப்பியும் பேனையுமாய் இருந்து மாற்றிவிட முடியாது. அநியாய வட்டி வாங்குகிறவரின் குற்றம், கொடுத்தவருக்குக் கணக்குத் தெரியவில்லை என்பதால் குறைந்துவிடுவதும் இல்லை. நிதி அறிவு என்ற பெயரில் பாரத்தையெல்லாம் கடன்பட்டவரின் தலையிலேயே ஏற்றிவிடும் பேச்சுக்கு நாம் உடன்பட மாட்டோம். எனினும் கொப்பி உள்ளவர் ஏமாறுவது கடினம், அவரை விரட்டுவதும் கடினம். இதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம். தவணை கட்டிய ஒவ்வொரு நாளையும் எழுதி வைத்திருந்த ஒரு சகோதரியிடம், "நீங்கள் மூன்று தவணை கட்டவில்லை" என்று வந்து சொன்னவர்கள் கொப்பியைக் கண்டதும் திரும்பிப் போனார்கள்.

எழுத வாசிக்கத் தெரியாதவர் என்ன செய்வது என்று கேட்பீர்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளை இருக்கிறது. ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு வீதக் கணக்குத் தெரியும். ஆனால் அது புத்தகத்திலுள்ள கற்பனை மாம்பழங்களுக்குத்தான் கணக்குப் போடுகிறது. தாயின் இடியப்பத்துக்குப் போடட்டுமே. பிள்ளைக்குக் கணக்கும் வரும், வீட்டுக் கஷ்டமும் விளங்கும். பிள்ளையும் இல்லாதவர்கள் இரண்டு தகரப்பேணி வைத்துக்கொள்ளலாம். ஒன்று தொழிலுக்கு, ஒன்று வீட்டுக்கு. தொழிற் பேணியிலிருந்து வீட்டுச் சாமானுக்கு எடுத்தால் ஒரு புளியங்கொட்டையை அதற்குள் போடுங்கள். மாத முடிவில் கொட்டைகளை எண்ணினால் தொழிலை வீடு எவ்வளவு தின்றது என்பது தெரிந்துவிடும்.

மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் விவசாய சம்மேளனங்களையும் எம்மைப் போன்ற நிறுவனங்களையும் நாம் கேட்பது இதுதான். கடன் கொடுக்க முன், மானியம் கொடுக்க முன், ஆறு மாதத்துக்குப் படிப்பு வட்டம் நடக்கட்டும். எட்டுப் பத்துப் பேர் போதும். மண்டபம் வேண்டாம், பதாகை வேண்டாம், சோற்றுப் பொதியும் வேண்டாம். கிழமையில் ஒரு பின்னேரம், ஒருவர் வீட்டுத் திண்ணையில். ஒவ்வொருவரும் தத்தம் கொப்பியைக் கொண்டுவர வேண்டும். கொப்பியில் நாலு பகுதி போதும்: வந்த காசு, போன காசு, வீட்டுக்கு எடுத்தது, கடனுக்குக் கொடுத்தது. ஒரு கிழமை ஒருவரின் கடன் கடதாசியை எல்லோரும் சேர்ந்து வாசிக்கலாம். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் வாசிக்கத் தெரிந்த ஆசிரியர் ஒருவரை அழைக்கலாம். விளங்காத கடதாசியில் கையெழுத்து வைப்பதில்லை என்று வட்டமாகவே முடிவெடுக்கலாம். நாலு பேர் கையெழுத்தை வைத்துத்தானே கம்பனி எம்மைக் கட்டியது, அதே நாலு பேராக நின்று நாம் மறுக்கவும் முடியும். கூடவே ஒவ்வொருவரும் இயன்ற சிறு தொகையைச் சேமிக்கலாம். ஆறு மாதம் கொப்பி எழுதியவர்களுக்கு முதற் கடன் அந்தச் சேமிப்பிலிருந்தே போகட்டும். வட்டி மிஞ்சிய முதலுக்கு மாத்திரம், தவணை விளைச்சலோடு.

ஆறு மாதம் என்றால் நன்கொடையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மார்ச்சுக்குள் காசைச் செலவழித்துக் கணக்குக் காட்ட வேண்டும் என்று நண்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். வெங்காயத்துக்குப் பொறுமை இல்லாத கம்பனியைப் பற்றி எழுதிய நாம், சனங்களுக்குப் பொறுமை இல்லாத நன்கொடையாளரைப் பற்றியும் எழுதத்தான் வேண்டும். அதை வேறொரு முறை பார்ப்போம்.

இடியப்பச் சகோதரியைப் பற்றிக் கேட்பீர்கள். மூன்று கடனில் ஒன்றை, தமக்கையிடம் கைமாற்று வாங்கி முதலில் முடித்தார். மற்ற இரண்டையும் கட்டி முடிக்க ஒரு வருடத்துக்கு மேல் சென்றது. அதுவரை நாலாவது கடனுக்கு வந்தவர்களை வாசலிலேயே நிற்பாட்டி, "வட்டி முழு முதலுக்கோ, மிஞ்சின முதலுக்கோ?" என்று கேட்டாராம். ஒருவர் மறுமொழி சொன்னார், மற்றவர்கள் பிறகு வருவதாகச் சொல்லிப் போனார்கள். கணக்குப் பார்த்து, மாவைத் தனியே வாங்காமல் அயலில் அவிக்கும் இன்னும் இருவரோடு சேர்ந்து மூட்டையாக வாங்குகிறார். இடியப்பத்தின் விலையைக் கடைக்காரரோடு கதைத்து ஒரு ரூபா கூட்டியிருக்கிறார். ஒரு ரூபா என்றால் நாளுக்கு 300 ரூபா. மகன் திரும்பப் பள்ளிக்கூடம் போகிறான். கடைசியாகப் போனபோது அவருடைய கொப்பியைப் புரட்டிப் பார்த்தோம். மகனின் கையெழுத்தில் ஒவ்வொரு நாளும் ஒரே வரி இருந்தது: "விறகு, எங்கட வளவு, 300 ரூபா."